தாடை உயரத்துக்கு ஒரு லாரி

திருச்சியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பழைய லாரிக் கொட்டடி. முள்கம்பி வேலிக்குள் பத்துப் பன்னிரண்டு லாரிகள் ஒரே பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு நின்றன. தரை எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. நடந்தால் செருப்பு ஒட்டியது. அந்தக் கறுத்த மண்ணில், பட்டாளத்திலிருந்து ஏலத்துக்கு வந்த ஒரு பச்சை லாரியின் பின்னால், அடைக்கி அக்கா வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். தலையில் சும்மாடு. சும்மாட்டின் மேல் வெறுங்கூடை.

லாரியின் பின்பலகையை இறக்கிவிட்டிருந்தார்கள். இறக்கியும் தளம் அக்காவின் நெற்றிக்கு நேராக இருந்தது. அக்கா கூடையை முன்னால் சாய்த்துப் பார்த்தார். கூடை விளிம்பு பலகையில் இடித்து, சும்மாடு அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதை எடுத்து உதறி, மறுபடியும் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

கொட்டடித் தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என் பக்கம் வந்தார்.

"ஏங்க, லாரி வாங்க வந்தீங்களா, அந்தம்மாவுக்குச் சட்டை தைக்க அளவெடுக்க வந்தீங்களா?"

"லாரிதாங்க. ஆனா அந்தம்மாவுக்குச் சரியா இருக்கணும்."

"ஓட்டப்போறது அவங்களா?"

"ஏத்தப்போறது அவங்க."

தரகர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கிறுக்கர்களிடம் கோபப்படக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, மெதுவாகத் திரும்பிப் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

மாட்டைக் கேட்டுத்தான் சொல்லணும்

போன வாரம் இந்தப் பத்தியில் அரிமளம் பக்கத்துக் கிணற்றைப் பற்றி எழுதினேன். அதைத் தோண்டிய, சுமந்த ஆட்களைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டது எனக்கே உறுத்தலாக இருக்கிறது. அந்த வரியை இந்த வாரம் கொஞ்சம் நீட்டுகிறேன்.

சமஸ்தானம் போய், எங்கள் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம், வாய்க்காலுக்கு ஒரு பாலம் என்று வேலைகள் வந்துகொண்டிருந்தன. நான் கரண்டி பிடித்த கொத்தன். எழுத்துப் படித்ததே கடைப் பெயர்ப் பலகைகளிலும் மைல் கற்களிலும்தான். எப்படியோ சின்ன வேலைகளை எடுத்துச் செய்கிற காண்ட்ராக்டர் ஆகிவிட்டேன். அந்தச் சொல் என் வாயில் சரியாக வராது. ஆட்களுக்கும் வராது. அவர்களுக்கு நான் மேஸ்திரி.

கல் நார்த்தாமலைப் பக்கமிருந்து வரவேண்டும். மணல் வெள்ளாற்றிலிருந்து. சுண்ணாம்பு இன்னொரு திக்கிலிருந்து. எல்லாம் கட்டை வண்டியில். எங்களுக்கு வண்டியடித்த சேவுகன் என்கிறவர் இருந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால், "கல்லு வந்த அன்னிக்கு மணல் வராது மேஸ்திரி, மணல் வந்த அன்னிக்கு மாடு வராது" என்பார். நாளைக்காவது வருமா என்றால், "மாட்டைக் கேட்டுட்டுத்தான் சொல்லணும்" என்பார். மறுநாள் போய் மாடு என்ன சொன்னது என்று கேட்டால், யோசித்துச் சொல்வதாகச் சொன்னது என்பார். அவரிடம் யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. வேலை மட்டும் நடக்காது.

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், அதைத் தாண்டி இன்னும் இரண்டு. மூன்றையும் மழைக்கு முன்னால் முடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வண்டி மாட்டை நம்பினால் மூன்று மழை கடந்துவிடும். ஒரு நாள் அவசரத்துக்கு ஒரு வாடகை லாரியைக் கூப்பிட்டேன்.

லாரியோடு நாலு ஆட்கள் வந்தார்கள். லோடு ஏற்றுவதற்கென்றே லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர்கள். அகலமான மண்வெட்டியால் தரையிலிருந்தே மணலை வீசி லாரிக்குள் போட்டார்கள். மத்தியானத்துக்குள் மூன்று நடை முடிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பிப் பார்த்தால், என் சித்தாட்கள் ஏழு பெண்களும் கருவேல நிழலில் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து அவர்களுக்கு வேலையே இல்லை. எழுந்து போகவும் இல்லை. ஒருத்தி கூடையின் ஓரத்தில் பிரிந்திருந்த ஈர்க்கைத் திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தாள்.

அந்த ஏழு பேருக்கும் தலைவி அடைக்கி அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எல்லோரையும்விடக் குட்டை. வீட்டுக்காரர் சிலோனுக்குப் போனவர். முதலில் அவருடைய கடிதம் நின்றது, பிறகு அவரைப் பற்றிய பேச்சும் நின்றது. இரண்டு பெண்பிள்ளைகளை இந்தத் தலைச்சுமையில்தான் வளர்த்துக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் என்னை மேஸ்திரி என்பார். தம்பி என்று கூப்பிட்டால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

அன்றைக்குச் சாயங்காலம் தம்பி என்று கூப்பிட்டார்.

"லாரி வாங்கப் போறீங்களாம்ல தம்பி."

"ஆமாக்கா. பாத்துக்கிட்டிருக்கேன்."

"வாங்குங்க. வாங்கினா எங்க ஏழு பேத்துக்கும் என்ன வேலைன்னு சொல்லிட்டு வாங்குங்க. நாங்க வேற எடம் பாக்கணும்ல."

"ஏத்துறதும் எறக்குறதும் நீங்கதான்க்கா. வேற ஆளு வரமாட்டாங்க."

அக்கா சிரிக்கவில்லை. "சொல்றது சரி. லாரி எம்புட்டு உசரம் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

உயரம் என்றால் என்ன

அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருந்தது என்பது எனக்கே அப்போதுதான் புரிந்தது.

தலையில் சுமக்கிறவர்களுக்குக் கொட்டும் இடம் தாடை உயரத்தில் இருக்கவேண்டும். அப்போது கை பெரிதாக வேலை செய்யவேண்டாம். தலையை ஒரு குனி குனிந்தால் கூடை தானாக முன்னால் சாய்ந்து கொட்டிவிடும். கட்டை வண்டி அப்படித்தான் இருந்தது. கொட்டும் இடம் அதற்கு மேலே போனால், தலையிலிருக்கிற பாரத்தை இரண்டு கையாலும் இன்னும் மேலே ஏந்தித் தூக்கவேண்டும். பத்துக் கூடை அப்படித் தூக்கலாம். இருநூறு கூடை தூக்கினால் தோள் இற்றுவிடும். அப்புறம் முதலாளிகள் சொல்வார்கள், பொம்பளைகளுக்கு லாரி ஒத்துவரவில்லை என்று.

ஆகவே, அக்காவையும் ஒரு கூடையையும் கூட்டிக்கொண்டு ரயிலேறித் திருச்சிக்கு வந்திருந்தேன். கூட வந்தவர் என் மச்சான் முத்தையா.

முத்தையா என் மனைவிக்கு அண்ணன். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் மலைப் பாதையில் லாரி ஓட்டியவர். நான் வாங்கப்போகும் வண்டியை ஓட்டப்போவது அவர். கொட்டடிக்குள் நுழைந்ததும் அந்தப் பச்சை லாரியைப் பார்த்து, பிரிந்துபோன கூட்டாளியைப் பார்த்ததுபோல அதன் மட்கார்டைத் தடவிக்கொடுத்தார்.

"மாப்ளே, இது போகாத எடமே இல்ல. கல்லு மேல ஏறும், சேத்துக்குள்ள எறங்கும். இதை வாங்கினா வெள்ளாத்துல தண்ணி ஓடினாலும் அங்கிட்டுப் போயிட்டு வந்துரலாம்."

"அக்காவோட நெத்திக்கு இருக்கே மச்சான்."

"அக்காவுக்கு ஒரு முக்காலி போட்டுக் குடு."

"கூடையோட நானு முக்காலி மேல ஏறுறேன்," என்றார் அக்கா, "நீங்க முக்காலிய ஆடாம புடிச்சுக்கங்க முத்தையா. இருநூறு தடவ."

பச்சை லாரி அத்தோடு போயிற்று. பக்கத்தில் பஞ்சு மூட்டை ஏற்றிய நீளமான பெரிய லாரி ஒன்று. அஞ்சு டன் இழுக்கும். தளம் அக்காவின் மூக்குக்கு இருந்தது. அதுவும் எங்கள் கண்மாய்க்கரைப் பாதையில் திரும்பவே திரும்பாது.

கடைசி வரிசையில் ஒன்று நின்றது. நடுத்தர லாரி. கடலை மூட்டை சுமந்து ஓய்ந்தது. மேலே மரமெல்லாம் உளுத்துக் கொட்டி, அடியில் இரும்புச் சட்டமும் நாலு பக்கமும் சக்கரமும், முன்னால் எஞ்சினும் மட்டுமே மிச்சம். மூன்று டன் சுமக்கும் என்றார் தரகர். கல்லுக்கும் ஆகும், மணலுக்கும் ஆகும், சாரம் கட்டும் கழிகளுக்கும் ஆகும். சந்துக்குள் நுழையும்.

அக்கா போய் நின்றார். இரும்புச் சட்டம் நெஞ்செலும்புக்கு இருந்தது. மேலே குறுக்குக் கட்டையும் பலகையும் வந்தால் தாடைக்கு வரும். என் சட்டைப் பையிலிருந்த கொத்து நூலை எடுத்து, தரையிலிருந்து அக்காவின் தாடைவரைக்கும் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டேன்.

முத்தையா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "இது லாரியா, லாரி போட்ட குட்டியா?" என்றார். ஆனால் எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியவர் வெகுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"நெஞ்சு நல்லா இருக்கு மாப்ளே. மூட்டுலதான் கொஞ்சம் வலி. அதை நான் பாத்துக்கிறேன்."

ஆறுக்குப் பதினொன்று

இனிமேல் எழுதப்போவது என் மடத்தனம்.

லாரிக்கு மேல்கூடு கட்ட, புதுக்கோட்டையில் ஒரு மரப்பட்டறையில் விட்டோம். ஆசாரி ராமலிங்கம். நிறையப் பேசமாட்டார், பேசினால் உளியால் செதுக்கின மாதிரி இருக்கும். முடிச்சுப் போட்ட நூலை அவரிடம் கொடுத்து உயரத்தைச் சொன்னேன். வாங்கி ஆணியில் மாட்டினார். மச்சான் எஞ்சின் சாமான் வாங்க மதுரைக்குப் போயிருந்தார்.

"உசரம் ஆச்சு. அகல நீளம், அடிச்சட்டத்துக்குத் தக்கன ஏழுக்குப் பதினாலு போட்டுரலாம் மேஸ்திரி."

உட்கார்ந்திருந்த மரத்துண்டிலிருந்து எழுந்துவிட்டேன்.

வீடு கட்டுகிறவனுக்கு மனையடிக் கணக்கு மூச்சு மாதிரி. உள்கூடு ஆறடி நல்லது, ஏழு ஆகாது. எட்டு நல்லது. பதினொன்று நல்லது. பதினாலு ஆகவே ஆகாது. ஏழடியில் ஒரு மாட்டுக் கொட்டகைகூட நான் கட்டியதில்லை. இவர் ஏழையும் பதினாலையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறார்.

"அந்த அளவு வேணாம் ஆசாரியாரே."

"இது வீடு இல்லையே."

"எனக்குச் சோறு போடப்போற எடம். வீட்டுக்கு மேல."

"அப்ப எட்டுக்குப் பதினாறு?"

"வண்டி எங்கயும் திரும்பாது. ஆறுக்குப் பதினொன்னு போடுங்க."

ஆசாரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "உளி புடிச்ச கை வேணாங்குது. வண்டி ஒங்களுது" என்றார். சொன்னபடியே செய்தும் கொடுத்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வேங்கை மரம், மூன்று பக்கமும் கீழே இறக்குகிற பலகை, தளம் சரியாக நூலின் முடிச்சுக்கு.

ஆனால் பின்சக்கரங்கள் இரண்டு பக்கமும் அரையடி வெளியே துருத்திக்கொண்டு நின்றன. பின்னால், மரம் முடிந்த பிறகும் மூன்றடிக்கு இரும்புச் சட்டம் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது.

மதுரையிலிருந்து வந்த மச்சான் வண்டியை ஒரு சுற்று வந்தார். இரண்டாவது சுற்று வந்தார். பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்துகொண்டு, "மாப்ளே, தச்சன் மறந்துட்டுப் போயிட்டானா, வண்டிக்கு வாலு மொளைச்சிருக்கா?" என்றார். பட்டறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

யாருக்கு ஆகும்

முதல் லோடுக்கு ஆற்றுக்குப் போனோம். ஏழு பெண்களும் புதுச் சும்மாடு சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பக்கவாட்டில் போனால் சக்கரம் தடுத்தது. அரையடி தள்ளி நின்று சாய்த்ததில் பாதி மணல் டயரில் கொட்டியது. பின்னால் போனால் இரும்பு வால். பொன்னி என்று ஒரு பெண், வரிசையிலேயே உயரமானவள், அவசரத்தில் அந்த இரும்பில் இடித்துக்கொண்டாள். விலாவில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. அக்கா தன் முந்தானையைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து அதன் மேல் வைத்து அழுத்தினார். பின்சக்கரத்துக்கு முன்னால் மட்டும் பக்கவாட்டில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது. அதில் ஏழு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராகக் காத்துக்கொண்டு நின்றார்கள். பொழுது ஏறிக்கொண்டே போனது.

மச்சான் மெதுவாகத்தான் சொன்னார். ஆற்று மணலில் பேச்சு தூரம் போகும். "மண்வெட்டி ஆளுன்னா தள்ளி நின்னே வீசிருவாங்க மாப்ளே. நாலு பேரச் சொல்லி விடவா?"

அக்கா நிமிர்ந்தார். என்னிடம் வந்தார்.

"உசரத்துக்கு என்னைய வச்சு அளந்தீங்க தம்பி. அகலத்துக்கு யாரை வச்சு அளந்தீங்க?"

மறைக்க முடியாமல் சொன்னேன். ஆறு நல்லது, ஏழு ஆகாது என்று. அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"ஆறு ஒங்களுக்கு ஆகும். எங்களுக்கு ஆகலையே," என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவர்கள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ரயில் நிலையத்துப் பக்கம் செங்கல் காளவாசலில் போய் வேலை கேட்டிருக்கிறார்கள் என்று சேவுகன் வந்து சொன்னார். காளவாசல் வேலை என்றால் நாள் முழுக்கச் சூட்டில் நிற்கிற வேலை.

இரண்டு நாளும் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பக்கத்துக்கு ஆறு அங்குலமும் பின்னால் மூன்றடியும் கூட்டுவது ஆசாரிக்கு ஒரு வாரத்து வேலை. எனக்கு அப்படி இல்லை. எங்கள் முதல் பிள்ளை, ஒரு வருஷம்கூட இருக்காமல் போனது, ஏழடியில் அடுப்படி இருந்த ஒரு வாடகை வீட்டில். அந்த அடுப்படியை நான் அளந்து பார்த்தது, பிள்ளை போன பிறகு. அதுமுதல் ஏழு என்ற எண்ணை நான் வாய்விட்டுச் சொல்லக்கூட யோசிப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காலையில் கஞ்சி குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வள்ளியம்மை கீரையை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"அண்ணன் சொல்லுச்சு. ஏழுக்கு யோசிக்கிறீங்களாம்."

கஞ்சிக் கலயத்தைத் தள்ளி வைத்தேன்.

"அந்த அடுப்படிய நீங்க சாண் போட்டு அளந்தப்ப நான் உள்ளதான் படுத்திருந்தேன்." கீரையிலிருந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டாள். "நம்ம புள்ள காச்சல்ல போச்சுங்க. ஏழுல போகல."

அவ்வளவுதான். எழுந்து போய் உலையை வைத்தாள். எத்தனையோ வருஷமாக நான் ஒருத்தனாகத் தூக்கிக்கொண்டிருப்பதாக நினைத்த பாரத்தின் மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கஞ்சியைக் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

ஏழுக்குப் பதினாலு

ஏழுக்குப் பதினாலே போடுங்கள் என்றேன். ஆசாரி காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "ஏழுக்குப் போனா குறுக்குக் கட்டை கனமாப் போடணும், அன்னிக்கு அதைச் சொல்ல விடல நீங்க. தளம் ஒங்க முடிச்சுக்கு மேல நாலு விரக்கடை ஏறிரும். பரவால்லையா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அகலத்தைக் கொடுத்தால் உயரம் போகிறது. வேறு வழி கேட்டேன். இல்லை என்றார்.

அங்கிருந்து நேரே அக்காவின் ஊருக்குப் போனேன். அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். காளவாசல்காரர் அடுத்த வாரத்திலிருந்து வரச் சொல்லியிருந்தாராம்.

"ஏழுக்குப் பதினாலு போடச் சொல்லிட்டேன்க்கா."

அரிவாளைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒங்களுக்கு ஆகாதுன்னீங்களே."

"ஆகும்க்கா. வீட்டுல சொல்லிட்டாங்க."

"வள்ளியம்மையா? அப்ப சரி."

"ஆனா உசரம் நாலு விரக்கடை கூடும். பாத்துட்டுச் சொல்லுங்க. முடியலன்னா, நானே காளவாசல்காரர்கிட்ட வந்து ஒங்களுக்கு நெழல்ல வேலை குடுக்கச் சொல்லிக் கேக்குறேன்."

அக்கா தன் தாடைக்கு மேல் நாலு விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். மூக்குக்குக் கீழே வந்தது. "வந்து பாக்குறோம்," என்றார். அரிவாளைப் பிடுங்கி அடுத்த விறகை எடுத்தார்.

வெள்ளாற்று மணல்

ஒரு வாரம் கழித்து, வெயில் சுடாத காலை. ஆற்றில் ஓரமாக ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர். ஈர மணல் வாசனை. கரையில் நாவல் மர நிழலில் இரண்டு மண்வெட்டி ஆட்கள் பீடி பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் வரச் சொல்லியிருக்கிறார். "ஒரு காவலுக்கு மாப்ளே. மழை வருது, பள்ளிக்கூடம் நிக்குது," என்றார். அவர் சொன்னதிலும் பிசகு இல்லை.

இப்போதுதான் வண்டி வண்டி மாதிரி இருந்தது. சக்கரம் மறைந்துவிட்டது, வால் மறைந்துவிட்டது. பின்னாலும் பக்கத்திலும் பலகையை இறக்கிவிட்டோம். மச்சான் மேலே ஏறி நின்றுகொண்டார், விழுகிற மணலை உள்ளே இழுத்துவிட.

முதல் கூடை அக்காவுடையது. வந்து நின்று, தலையைக் குனிந்து பார்த்தார். விளிம்பு இடித்தது. இரண்டு கையாலும் ஏந்தி, குதிகாலைத் தூக்கி, தள்ளினார். மணலில் கொஞ்சம் கழுத்துக்குள் இறங்கியது. அடுத்தவளும் அப்படியே. பொன்னிக்கு மட்டும் சுலபமாக இருந்தது. பத்துக் கூடை. பதினைந்து. அக்கா ஒரே கூடையை இரண்டு தடவை ஏந்தித் தள்ளுவதைப் பார்த்துவிட்டு நான் ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தேன். நாவல் மரத்தடியில் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு மண்வெட்டியை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

முப்பதாவது கூடை பக்கம் இருக்கும். அக்கா கொட்டிவிட்டு நகராமல் அங்கேயே நின்றார். பின்னால் வந்தவள் இடித்துக்கொண்டு நின்றாள்.

"மேஸ்திரி, இங்கிட்டு வாங்க."

போனேன். அக்கா தாடையை மெதுவாகப் பலகை விளிம்பில் வைத்துக் காட்டினார். தாடை அதில் சரியாக உட்கார்ந்தது.

"வண்டி கீழ வந்திருக்கு."

எனக்கு நம்பிக்கை இல்லை. சிந்தின மணலில் நிற்கிற இடம் உயர்ந்திருக்கும் என்றேன். மேலேயிருந்து மச்சான் குனிந்து பார்த்தார்.

"பாரம் ஏற ஏற சக்கரத்து மேல இருக்குற வில்லுப்பட்டை அமுங்கும்லக்கா. எல்லா வண்டியும் அப்படித்தான்."

"முழு லோடுக்கு எம்புட்டு எறங்கும்?"

"ஒரு ஏழெட்டு விரக்கடை. மொதல்லதான் வேகமா அமுங்கும்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் முத்தையா, நாலு விரக்கடைக்கு நாங்க பத்து நாளா தூங்கல. இந்த மனுசனும் தூங்கல. இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா. சண்டைக் காலத்துலேருந்து தெரியும்." மச்சான் தலையைச் சொறிந்தார். "அது ஒரு சேதின்னு எனக்குத் தெரியாது."

முதலில் சிரித்தவள் பொன்னி. விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் எல்லோரும். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பொன்னி, இங்க வா. உசரமானவங்க மூணு பேரும் முன்னாடி. இனிமே மொத முப்பது கூடை நீங்க மட்டும். அதுவரைக்கும் நாங்க நாலு பேரும் அள்ளிப் போடுறோம், தூக்கி விடுறோம். பெறகு வண்டி குனிஞ்சு குடுக்கும். அப்ப நாங்க வாரோம், நீங்க போய் அள்ளுங்க."

அப்படித்தான் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த லாரி இருந்த காலம் வரைக்கும் அப்படித்தான் ஏற்றினார்கள். முப்பதாவது கூடை விழுந்ததும் யாரும் சொல்லாமலே வரிசை மாறும். ஆற்றுக்கு வருகிற மற்ற லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பார்கள்.

பொழுது உச்சிக்கு வருமுன் முதல் லோடு நிரம்பிவிட்டது. பலகைகளைத் தூக்கிக் கொக்கி போட்டோம். மச்சான் கீழே குதித்து, வேட்டியில் மணலைத் தட்டிக்கொண்டு, தானாகவே நாவல் மரத்தடிக்குப் போனார். அவர்களிடம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆட்கள் இருவரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிப் போனார்கள். அதில் ஒருவர் போகும்போது திரும்பி, அக்காவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அக்காவும் போட்டார்.

அக்கா சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கழுத்து மடிப்பிலெல்லாம் மணல் ஒட்டி மினுங்கியது. என் பக்கம் வந்தார்.

"நாளைக்கி எத்தனை நடை மேஸ்திரி?"

"மூணு போதும்க்கா."

"நாலு அடிக்கலாம்," என்றார். "வண்டிய வெள்ளனே அனுப்பச் சொல்லுங்க."